நூற்றுப் பதின்மூன்றாம் தாள்

2019-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி காலை வரை நிவா சத்சுகி, ஓவியர் ஷிதாரா மொகுதோவின் கையெழுத்தைப் பதினோராயிரத்து நானூறு முறை பார்த்திருந்தார். முப்பத்தெட்டுப் பதிப்புகள், பதிப்புக்கு முன்னூறு தாள். ஒவ்வொரு முறையும் ஓவியருக்கு இடப்பக்கம், ஒன்றரை அடி தள்ளி, வெள்ளைக் கையுறையோடு நின்றிருப்பார். பென்சில் மேலே எழும்பியதும் தாளை உருவிவிட்டு அடுத்ததை வைப்பார். தாளுக்கு ஒன்பது நொடி. ஓவியரின் மனைவிகூட அந்தக் கையெழுத்தை அத்தனை முறை பார்த்திருக்க மாட்டார்.

தோக்கியோவின் இதாபாஷி வட்டாரத்தில், ஆற்றை ஒட்டிய அச்சகங்களுக்கு நடுவே இருக்கிறது கொமோரி பட்டறை. ஸ்கிரீன் பிரிண்டிங்தான் தொழில். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையின் மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுத்தால் ஒரு தாளில் ஒரு நிறம் விழும். ஷிதாராவின் படத்துக்கு அப்படி ஐம்பத்தெட்டு நிறம். சத்சுகிக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. பட்டையை இழுத்து இழுத்தே வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அணியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடுவார். பந்து எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். "தோளைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க" என்பார்.

ஷிதாராவின் படங்களில் வருவது ஒரு கடைவாய்ப்பல். பெரிய கண்களும் ரோஸ் கன்னமுமாகச் சிரிக்கும் பல். பெயர் ஹாகோ. சாவிக்கொத்து முதல் விமானத்தின் வால்வரை ஹாகோ சிரிக்காத இடம் இல்லை. ஆனால் எண்ணிட்டுக் கையெழுத்திட்ட முன்னூறு தாளுக்குத்தான் ஜனம் அடித்துக்கொள்ளும். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் வாங்க முடியும். 39-ஆம் பதிப்பின் பெயர் 'ஹாகோவின் மழைநாள்'. நாற்பத்தோராயிரம் பேர் குலுக்கலுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். சத்சுகியும் அதில் ஒருவர். அச்சிடுகிறவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது; எங்கோ ஒரு தாள் ஏலத்துக்கு வந்ததும் ஓவியரின் அலுவலகம் அதை நிறுத்திவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் தன் பெயரைத் தானே எழுதிப் போடுகிறார். ஒருமுறையும் விழுந்ததில்லை.

"நீங்க அச்சடிச்சதுக்கு நீங்களே லாட்டரி போடுறீங்களா?" என்று மை கலக்கும் ஆரிகா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"மீன் பிடிக்கிறவன் மீன் கடையில வாங்குறதில்லையா?"

"அவன் வரிசையில நின்னு தோத்துட்டு வர்றதில்லையே!"

அன்றைக்கு மழை. ஆனி மாதத்து மழை என்றால் தாள் ஊறி ஒரு மில்லிமீட்டர் நீளும், ஹாகோவின் கண் கன்னத்துக்கு வந்துவிடும். அதற்காகவே பட்டறையில் மூன்று வாரமாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அச்சு முடிந்து, அலுவலகத்து ஆள் கண்ணெதிரே ஐம்பத்தெட்டு வலைகளையும் கழுவியாகிவிட்டது. இனி முன்னூற்றொன்றாவது தாளை யார் நினைத்தாலும் எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது கையெழுத்து மட்டும்.

ஷிதாரா பத்து மணிக்கு வந்தார். அறுபத்தொரு வயது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'சென்செய்', அதாவது ஆசான். வழக்கம்போல் எல்லோருக்கும் தலை குனிந்தார், வழக்கம்போல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். சத்சுகி சீவி வைத்திருந்த பன்னிரண்டு பென்சில்களில் ஒன்றை எடுத்தார். முதல் இருபது தாள் ஒன்பது நொடி வீதம் போனது. ஐம்பதாவது தாளில் பதினைந்து நொடி. எண்பதுக்கு மேல், கோடு தாளில் இறங்கும் முன் பென்சில் முனை காற்றிலேயே சிறிது நேரம் அலைந்தது. சத்சுகி எதையும் பார்க்காதது போலத் தாளை உருவினார்.

நூற்றுப் பதின்மூன்றாம் தாளை வைத்தபோது பென்சில் முனை ஒடிந்தது. வேறு பென்சில் கொடுத்தார். அதுவும் ஒடிந்தது. தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஷிதாரா தன் வலது கையை மேசையில் வைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னைக்கு இது போதும்" என்றார். கடிகாரத்தை இடது கையாலேயே கட்டிக்கொண்டு காருக்குப் போனார்.

பட்டறையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை மூடி வைத்த நேரத்தில், ஓவியரை வழியனுப்பப் போன தெஜிமா பட்டறைக்குள் திரும்பி வந்தார். ஓவியரின் அலுவலகத்தை நடத்துகிறவர், முப்பத்தெட்டு வயது. எவ்வளவு மழை பெய்தாலும் அவர் சட்டைக் கழுத்து மட்டும் நனையாது. முதலாளி கொமோரி பின்னாலேயே வந்து நின்றார். அவர் கண் தரையில் இருந்தது.

"நிவா-சான், ஒரு உதவி. சின்ன உதவிதான். கொஞ்சம் சங்கடமான உதவி" என்றார் தெஜிமா, மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்து.

"சின்னதா, சங்கடமானதா? ஒண்ணைச் சொல்லுங்க."

தெஜிமா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை. அதில் ஷிதாரா மொகுதோவின் கையெழுத்து ஐந்து முறை, வரிசையாக.

சத்சுகிக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன், வருஷக் கடைசி விருந்து. கோழிக்கறி சுடும் கடையில் பட்டறையும் அலுவலகமும் சேர்ந்து குடித்தபோது, எல்லோரும் ஒரு வேடிக்கை காட்ட வேண்டும் என்றார்கள். ஆரிகா மூக்கில் சாப்ஸ்டிக் செருகிக்கொண்டு ஆடினார். சத்சுகி இரண்டு கோப்பை விஸ்கி சோடா உள்ளே போன தைரியத்தில் அந்த அட்டையில் ஓவியரின் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். ஷிதாரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னுதைவிட இதுதான் நல்லாருக்கு" என்றார். கடையே சிரித்தது. விருந்தில் நடந்ததை மறுநாள் யாரும் பேசுவதில்லை. அதுதான் விருந்துக்கு மரியாதை. தெஜிமா அட்டையைப் பையில் போட்டுக்கொண்டதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

"அடேயப்பா!" ஆரிகா எட்டிப் பார்த்தார். "என் கல்யாண போட்டோவைக்கூட நான் இவ்வளவு பத்திரமா வெச்சுக்கல."

"நூத்தி எண்பத்தெட்டு தாள் பாக்கி இருக்கு" என்றார் தெஜிமா. "முப்பதாம் தேதி எல்லாருக்கும் அனுப்பணும். சென்செய்க்குக் கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை வெளியில போச்சுன்னா, இலையுதிர்காலத்துல வெளிநாட்டுக் கண்காட்சி இருக்கு, எல்லாம் கவிழ்ந்துடும். உங்களுக்கு இது அரை நாள் வேலை."

"சென்செய்கிட்ட கேட்டீங்களா?"

"அவரை இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு…"

"அப்போ கேக்கல."

தெஜிமா குரலைத் தாழ்த்தினார். கெட்ட ஆளாக இருந்தால் சத்சுகிக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே தான் சொல்வதை நம்பினார்.

"நிவா-சான், கையெழுத்துக்குப் பதிலா குத்துற எங்க கம்பெனி டைரக்டரோட பெயர் முத்திரை என் டிராயர்லதான் கிடக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை குத்துறேன். அவர் பக்கத்து அறையில இருந்தாலும் நான்தான் குத்துறேன். இதை யாராவது பொய்ங்கிறாங்களா? நாடு முழுக்க அப்படித்தானே ஓடுது? சென்செய்க்காக நீங்க ஒரு கை கொடுக்கப் போறீங்க, அவ்வளவுதான்."

"முத்திரை மரக்கட்டைங்க. யார் குத்தினாலும் ஒரே மாதிரி விழணும்னுதான் அதைச் செதுக்கியிருக்கு. வேணும்னா நூத்தி எண்பத்தெட்டு தாள்லயும் சென்செய் முத்திரையைக் குத்துங்க, நானே மை தடவித் தர்றேன். பென்சிலை ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க?"

"முத்திரையை வெளிநாட்டுக்காரன் ஒத்துக்க மாட்டான். கையெழுத்துத்தான் கேப்பான்."

"பாத்தீங்களா? அவனுக்குக்கூட வித்தியாசம் தெரியுது."

ஆரிகா இருமலில் சிரிப்பை மறைத்தார். சத்சுகி நூற்றுப் பதின்மூன்றாம் தாளின் மேல் கையை வைத்தார்.

"இதுல அம்பத்தெட்டு நிறம் இருக்கு. அம்பத்தெட்டும் எங்க கை. ரோஸ் கன்னத்துக்கு மட்டும் ஆரிகா-சான் ஒன்பது தடவை மை கலக்கினாரு. ஷிதாரா-சென்செய் கை படுற இடம், இதோ, கீழ மூணு விரல் அகலம். அதையும் நானே போட்டுட்டேன்னா இதுல அவர் எங்க இருக்காரு?"

"கருத்து அவரோடது."

"கருத்துக்கா குலுக்கல் வெச்சீங்க?"

"பேசாம நிவா-சான் பேரையே போட்டு வித்துடலாம்" என்றார் ஆரிகா. "நியாயமாவும் இருக்கும். குலுக்கலுக்கு ஒரு நாலு பேர் வருவாங்க."

"மூணு. எங்க அக்கா வரமாட்டா."

கொமோரி சத்சுகியைத் தாள் உலர்த்தும் அடுக்குகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அப்பாவிடமிருந்து பட்டறை கைக்கு வந்த நாளிலிருந்து யாரையும் அதட்டத் தெரியாத மனிதர்.

"பதினோரு பேர், நிவா-சான். பாதிக்கு மேல அவங்க கொடுக்குற வேலை. இது போச்சுன்னா நான் யாரைப் போய்ப் பார்ப்பேன்?"

"பதினோரு பேர்ல நானும் ஒருத்தி."

"அதான் கேக்குறேன். கொஞ்சம் வளைஞ்சு கொடுங்க. எல்லா இடத்துலயும் எல்லாரும் வளையிறாங்க."

வளைவது எப்படி என்று சத்சுகி ஒருமுறை கற்றுப் பார்த்தவர்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே பெண்கள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை நாற்பது ஆண்களின் தேநீர்க் கோப்பைகளை மனப்பாடம் செய்வது. யாருடையது எது, யாருக்குத் திடமாக, யாருக்கு லேசாக. ஏழு மாதம் செய்தார். எட்டாவது மாதம் ஒரு திங்கள்கிழமை, நாற்பது கோப்பைகளையும் கழுவி ஒரு மேசையில் அடுக்கி, நடுவில் கெட்டிலை வைத்து, 'அவரவர் கோப்பை அவரவருக்கு' என்று எழுதி ஒட்டினார். மறுவாரம் வேலை இல்லை. மூன்று மாதம் கழித்துச் சட்டையில் படம் அடிக்கும் ஒரு கடையில் முதல்முறையாக ரப்பர் பட்டையைப் பிடித்தார். அதற்கப்புறம் எங்கேயும் அவர் யாருக்கும் தேநீர் ஊற்றியதில்லை. தனக்குத் தாகம் எடுத்தபோது பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றியதைத் தவிர.

"முதலாளி, பதிவுத்தாள்ல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

கொமோரிக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று படி எடுக்கும் தாள் அது. என்ன காகிதம், எத்தனை நிறம், வலை கழுவிய தேதி, எல்லாம் இருக்கும். கடைசி வரி: 'ஓவியர் கையெழுத்திட்டதை நேரில் பார்த்தவர்.' அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். முப்பத்தெட்டுப் பதிப்புகளிலும் அந்த வட்டத்துக்குள் விழுந்தது 'நிவா' என்ற சிவப்பு முத்திரை.

"அந்த வட்டத்துல நான் பொய் பண்ணமாட்டேன். உங்களுக்காக இருந்தாலும்."

அவர் மேசைக்குத் திரும்பிப் போய்ப் பதிவுத்தாளை எடுத்தார். நின்றபடியே எழுதினார்: '1 முதல் 112 வரை ஓவியர் என் எதிரில் கையெழுத்திட்டார். 113 முதல் 300 வரை கையெழுத்து இல்லை. ஜூன் 18, பிற்பகல் 2.40.' ஏப்ரன் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதிச் சூடாக்கி, மையில் ஒற்றி, மூன்று படியிலும் குத்தினார்.

தெஜிமாவின் முகம் முதல்முறையாகக் கலைந்தது. "இதை… வேற ஒண்ணு எழுதிக்கலாமே."

"எழுதுங்க. ஸ்டேஷன் பக்கத்து நூறு யென் கடையில நிவாங்கிற பேர்ல முத்திரை கொத்தா தொங்குது. வாங்கிட்டு வந்து நீங்களே குத்துங்க. அது நான் குத்தினது இல்லைன்னு கேக்குறவங்ககிட்ட நான் சொல்வேன். எத்தனை பேர் கேட்டாலும் சொல்வேன்."

"யார் கேக்கப் போறா?"

"அப்போ நீங்க ஏன் பயப்படுறீங்க?"

மழை கூரைத் தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. தெஜிமா அட்டையை உறையோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மூவருக்கும் தனித்தனியே தலை குனிந்தார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று கொமோரியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பதிவுத்தாளின் ஒரு படி பட்டறைக்கு, ஒரு படி அலுவலகத்துக்கு. மூன்றாவது படியை முதல் தாளோடு சேர்த்து ஓவியரின் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். கையெழுத்து நாளன்றே அனுப்பிவிட வேண்டும். முப்பத்தெட்டு முறையும் அந்தக் குழாய்ப் பொதியின் மேல் முகவரி எழுதி, அஞ்சலகத்தில் சேர்த்தவர் சத்சுகி. தெஜிமாவுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே மறந்துபோயிருந்தது. சத்சுகிக்கு மறக்கவில்லை. அவர் ரகசியமாக எதுவும் செய்யவில்லை. கொமோரியின் கண்ணெதிரிலேயே முதல் தாளையும் பதிவுத்தாளையும் சேர்த்துச் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"எங்கே?" என்றார் கொமோரி.

"எப்பவும் போற இடத்துக்கு."

கொமோரி தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையில் அவர் செய்த பெரிய துணிச்சல் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பட்டறைத் தொலைபேசி அடித்தது. மைக் கடைக்காரன் என்று நினைத்து ஆரிகா எடுத்தார். "சிவப்பு எங்கேய்யா? தூங்கிட்டியா?" என்றவர் அப்படியே நிமிர்ந்து நின்று, காற்றுக்கு இரண்டு முறை தலை குனிந்துவிட்டு, ரிசீவரைச் சுடுகிற பாத்திரம் போலச் சத்சுகியிடம் நீட்டினார்.

"நூத்திப் பன்னெண்டோடயா நிறுத்தினேன்?" என்றது ஷிதாராவின் குரல். "நூத்தி இருபது போட்டதா நினைச்சேன்."

"நூத்திப் பன்னெண்டு. நான் எண்ணினேன்."

"மீதி எங்க?"

"இங்கதான் இருக்கு, அடுக்குல."

"மீதிக்கு ஏற்பாடெல்லாம் முடிஞ்சுதுன்னு தெஜிமா சொன்னானே?"

"முடியல, சென்செய்."

ஷிதாராவுக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"என் கை இனிமே இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். கோணலா விழும்."

"விழட்டும்."

"வாங்குறவன் திட்டுவான்."

"உங்களைத்தானே திட்டுவான்? என்னை இல்லையே."

மறுமுனையில் ஷிதாரா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "என்னைக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

புதன்கிழமை என்று முடிவாயிற்று. ஜூலை முதல் வாரத்திலிருந்து புதன்தோறும் பத்து மணிக்கு அவர் ரயிலேறித் தனியாக வந்தார். கையில் மெலன் பன் என்கிற இனிப்பு ரொட்டி நான்கைந்து இருக்கும். முடிந்தவரை போடுவார். ஒரு புதனில் பதினொன்று, ஒரு புதனில் இரண்டு. ஒருநாள் பென்சிலைத் தொடவே முடியவில்லை. பன்னைத் தின்றுவிட்டு ஆரிகாவோடு பேஸ்பால் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். அலுவலகம் வேறு வழியில்லாமல் அறிவிப்பு வெளியிட்டது: ஓவியரின் கை நலத்தை முன்னிட்டுத் தாள்கள் கையெழுத்தாகும் வரிசையில் அனுப்பப்படும். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பலர் காத்திருந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. ஷிதாராவின் அடுத்த பதிப்பு, எழுபத்திரண்டு நிறத்தது, தோக்கியோவை அடுத்த சைதாமாவில் வேறொரு பட்டறைக்குப் போனது. பதிப்பு யாரிடம் போக வேண்டும் என்பதில் ஓவியர் தலையிடுவதில்லை; அது அலுவலகத்தின் வேலை. கொமோரி பட்டறை அரிசி முறுக்கு டப்பாக்களுக்கும் பல்கலைக்கழகத் திருவிழாச் சட்டைகளுக்கும் அச்சடிக்கத் தொடங்கியது. பதினோரு பேரில் இருவர் செப்டம்பரில் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, எட்டு வருஷம் பக்கத்து மேசையில் நின்றவள், போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், சத்சுகியிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொமோரி ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். "உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு உங்ககூடப் பேச மாட்டேன்."

"சரிங்க."

"எவ்வளவு நாள்னு தெரியல."

"தோணும்போது பேசுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பதினாறு நாள் அவர் பேசவில்லை. பதினேழாவது நாள், முறுக்கு டப்பாவின் மஞ்சள் சரியில்லை என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார்.

அக்டோபரில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதத்தின் நகல் வந்தது. 158-ஆம் தாளை வாங்கிய ஒருவர் எழுதியிருந்தார். பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம். கோடு நடுங்குகிறது, கடைசி வளைவு பாதியில் நிற்கிறது, இது யாரோ அரைகுறையாகப் பார்த்துப் போட்டது, அசல் இல்லை என்று சந்தேகப்படுகிறார். பட்டறை விளக்கம் தர வேண்டும் என்று தெஜிமா கேட்டிருந்தார். எழுத்தில் கோபமும் இல்லை, வணக்கமும் இல்லை.

ஆரிகா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நீங்க போட்டிருந்தா இந்த ஆளு கண்ணை மூடிக்கிட்டுச் சுவர்ல மாட்டியிருப்பாரு."

"ஆமா."

"கண்ணாடிச் சட்டம் போட்டு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டியிருப்பாரு."

"ஆமாங்கிறேன்ல?"

சத்சுகி பதிலை அன்றே எழுதினார். 'ஆகஸ்ட் 28, புதன்கிழமை, காலை 10.50. ஓவியர் இந்தத் தாளில் கையெழுத்திட இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்த்தேன். தாங்கள் வேண்டாம் என்றால் தாளைத் திருப்பி அனுப்பலாம். வாங்க ஆள் இருக்கிறார்.' கீழே முத்திரை குத்தினார். அந்த வாங்குகிற ஆள் தான்தான் என்பதை எழுதவில்லை. தாள் திரும்பி வரவும் இல்லை.

அந்த வருஷத்தின் கடைசி புதன்கிழமைச் சந்திப்பு டிசம்பர் 18-ஆம் தேதி நடந்தது. ஷிதாரா 241 முதல் 247 வரை ஏழு தாள்களில் கையெழுத்திட்டார். புத்தாண்டு விடுமுறைக்குப் பின் ஜனவரி 8-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு, 248-ஆம் தாளிலிருந்து தொடங்குகிறார்கள்.